வெள்ளம் வீட்டு எலுமிச்சை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் 'தலைவர்' என்றார்கள். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே 'வெள்ளம்' என்று ஆகிவிட்டார். முகத்துக்கு நேரே 'வெள்ளம் அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளம். இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். கோபித்துக்கொள்ளவும் முடியாது, பெயர் வந்த காரணம் அப்படி.

ஓய்வு பெற்ற மனிதனுக்குக் காலை நேரம் ஒரு பெரிய தொல்லை. விழிப்பு மட்டும் பழைய நேரத்துக்கே வந்துவிடுகிறது, போக இடம் இருப்பதில்லை. நாளிதழை விளம்பரம் உட்படப் படித்தார். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டி ஒழுகவைத்தார். பிறகு, மொட்டை மாடியில் மனைவி வளர்க்கிற தோட்டத்துக்கு ஒத்தாசை செய்யலாம் என்று நல்ல எண்ணத்தோடு, அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஹோஸை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

தீயணைப்புக்காரர் தண்ணீர் விட்டால் எப்படி விடுவார்? தக்காளி நாற்று மண்ணோடு பெயர்ந்து போய்க் கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. புதினாத் தொட்டியில் புதினாவைக் காணவில்லை. வடிகால் குழாய் வழியாகச் சேறு இறங்கி, கீழ்த்தளத்துத் தையல்காரர் கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைகளுக்கு ஒரு புது நிறத்தைக் கொடுத்தது. பள்ளி திறக்கிற சமயம் வேறு. தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க மேலே ஓடி வந்தார்.

"எங்கண்ணே தீ?" என்று கேட்டார்.

அன்றே பெயர் வைத்தாகிவிட்டது. அன்று மாலையே மனைவியின் தீர்ப்பும் வந்தது.

"இந்த வீட்ல நீங்க எங்க வேணா போகலாம், எதை வேணா தொடலாம். மாடிக்கு மட்டும் கைய வீசிக்கிட்டு வாங்க, கைய வீசிக்கிட்டுப் போங்க. புரியுதா?"

புரிந்தது. அன்று முதல் அவர் மாடிக்குப் போனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கு வந்தவர்போல ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். மனதுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. எரிகிற கட்டடத்துக்குள் நம்பி அனுப்பப்பட்ட மனிதனை ஒரு கத்திரிச் செடியை நம்பி விடமாட்டேன் என்கிறார்களே என்றிருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை.

மனைவி இருக்கிறாளே, அவள் சாதாரண ஆள் இல்லை. பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். பதறிப்போய்ப் பேசுகிறவனையும் பதறாமல் கேட்கவைக்கிற குரல். அந்தக் குரலைத்தான் இப்போது தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிறு காலையில் தெருவாசிகளின் கைபேசிக் குழுவில், தெரு 'தோட்டத்தக்கா' என்று கூப்பிடுகிற அவளுடைய குரல் பதிவு வந்துவிடும். வெயில் ஏறும்போது, "செடிக்கு உரத்தைக் கண்ல காட்டாதீங்க, இந்தச் சூட்டுல அது சாப்பிடாது. காஞ்ச இலையத் தொட்டி மண்ணு மேல மெத்தை மாதிரி போடுங்க. தண்ணிய விடியறதுக்குள்ள ஊத்திடுங்க, நடு வெயில்ல ஊத்தி வேரை வேகவெச்சிடாதீங்க" என்பாள். மழை வரும் முன், "தொட்டிக்குக் கீழ இருக்கிற தட்டையெல்லாம் எடுங்க. அடி ஓட்டையில குச்சிய விட்டு அடைப்பைக் குத்தி விடுங்க. வெண்டை, பாகல், பீர்க்கு விதைக்கிறதுன்னா முதல் மழை நனைச்ச மண்ணுல போடுங்க. தக்காளிக்கு அவசரப்படாதீங்க, மழை கொஞ்சம் ஓயட்டும்" என்பாள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சட்டம் உண்டு. "விரலை மண்ணுக்குள்ள ரெண்டு கணு விட்டுப் பாருங்க. ஈரம் தட்டுச்சுன்னா வாளியக் கீழ வெச்சிட்டுப் போய் டீ குடிங்க."

தெரு கேட்டது, தெருவில் எல்லாம் விளைந்தது. ஒன்றே ஒன்றுதான் விளையவில்லை. அது தோட்டத்தக்காவின் சொந்த எலுமிச்சை.

பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் வைத்த மரம். இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், கிளை ஆள் உயரத்துக்கு நிற்கும். பூ மட்டும் கிடையாது. வருடா வருடம் அவள் தெருவுக்கு ஒரு யோசனை சொல்லுவாள். வெயில் முடிகிற சமயத்தில் எலுமிச்சைக்குத் தண்ணீரை நிறுத்திக் காயப் போட வேண்டும், தாகத்தில் தவித்த மரம் பிறகு தண்ணீரைக் கண்டதும் பூத்துத் தள்ளும் என்று. செய்தவர் வீட்டிலெல்லாம் காய்த்தது. தையல்காரர் வீட்டுக் கொல்லையில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியாரம்மாவுக்கு" என்று நீட்டுவார். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். அன்று மட்டும் மாடிக்குப் போனால் இறங்கிவர நேரமாகும். வெள்ளம் அதைக் கவனித்திருந்தார்.

இந்த வருடம் வெயில் முடிகிற நேரத்தில் வெளியூரிலிருந்து மருமகன் போன் செய்தான். மகளுக்குக் குறித்த நாளுக்கு முன்னதாகவே பிரசவ வலி எடுத்துவிட்டது. வீடு தலைகீழானது. மனைவி ஒரு கையால் பையை அடைத்துக்கொண்டே மறு கையால் அவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மத்த செடிக்கெல்லாம் நான் தினமும் போன்ல சொல்றேன், சொன்னபடி செஞ்சா போதும். இதைத்தான் கேட்டுக்கங்க." எலுமிச்சை முன்னால் நின்றாள். "இதுக்கு நேத்துல இருந்து தண்ணி கிடையாது. சாயங்காலம் இலை தொங்கும். காலையில மறுபடி நிமிந்துக்கும். நிமிந்துச்சுன்னா இன்னும் காயணும்னு அர்த்தம். எப்ப காலையிலயும் நிமிராம ஓரம் சுருண்டு நிக்குதோ, அப்பதான் எனக்குப் போன் பண்ணணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கூடாது."

"சரி."

"பாவம்னு நினைக்கக் கூடாது."

"சரிம்மா."

"இந்த வருஷமும் பூக்கலன்னா இதைத் தூக்கிடலாம்னு இருக்கேன். நர்சரிக்காரர்கிட்ட சொல்லிட்டேன், வந்து எடுத்துக்கிறாராம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் மரத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டது, போய்விட்டாள். வெள்ளம் நடு மாடியில் தனியாக நின்றார். கட்டியிருந்த கைகளை முதல்முறையாக அவிழ்த்தார். பொறுப்பு வந்ததில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, இந்த மனிதரிடம் போய்த் தண்ணீர் ஊற்றாதே என்கிற வேலையையா கொடுப்பது?

அவருக்கு எதுவும் காய்ந்து கிடக்கக் கூடாது. வீட்டில் வாளி, குடம், பாட்டில் எல்லாம் எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும். மனைவி இதை ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டாள். காரணம் அவளுக்கும் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மரக்கடையில் தீ. வண்டி போய்ச் சேர்ந்தது, குழாயை நீட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அடுத்த வண்டி வரும்வரை வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கடைக்காரரின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, "ஊத்துப்பா, ஏன் நிக்கிற?" என்று கேட்டாள். ஆள் சேதம் இல்லை, கடைதான் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ தீயை அணைத்தார், பாராட்டு வாங்கினார். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை அவரிடம் பதில் இல்லை.

முதல் சில நாள் பெரிய சிரமம் இல்லை. விடிகாலையில் மனைவி போன் செய்வாள். பேத்தி பிறந்திருந்தாள், தாயும் பிள்ளையும் நலம். பேத்தி எவ்வளவு நேரம் தூங்கினாள் என்பதில் ஆரம்பித்துப் பேச்சு மிளகாய்க்கு வரும்.

"மிளகாயைப் பாதிக்கு வெட்டி விட்டீங்களா?"

"வெட்டும்போது கை நடுங்குச்சு."

"நடுங்கட்டும். மழைக்குத் துளிர்த்துக்கும். புதினாவுக்கு ஒரு சொம்பு. சொம்புன்னா சொம்பு, குடம் இல்ல."

தெருக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அக்கா ஊரில் இல்லையென்றால் என்ன, வீட்டுக்காரருக்குத் தெரியாமலா இருக்கும் என்று வாசலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டு நர்ஸம்மா வாடிய ரோஜாவைத் தொட்டியோடு தூக்கிவந்து காட்டினாள். அவர் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "வாளியக் கீழ வெச்சிட்டுப் போய் டீ குடிங்க" என்றார். வெள்ளம் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனையா என்று தெரு வாயைப் பிளந்தது. நாலே நாளில் ரோஜா தெளிந்தது. அவர் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

பிறகுதான் எலுமிச்சை படுத்தத் தொடங்கியது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். காலையில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். 'இன்னும் காயணும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வருவார். சாப்பாடு இறங்காது. டம்ளரில் தண்ணீர் குடிக்கும்போதுகூட மேலே ஒன்று குடிக்காமல் நிற்கிறதே என்று தோன்றும்.

தையல்காரர் ஒருநாள் வெற்றுக் கையோடு மேலே வந்தார். மரத்தைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

"ஐயோ, ஏண்ணே இப்படி? ஒரு மக் ஊத்துங்கண்ணே. அக்காவுக்கு யாரு சொல்லப்போறா?"

"நீங்களும் இப்படித்தானேய்யா காயப் போட்டீங்க? கொத்துக் கொத்தா வந்துச்சே?"

"நான் எங்கண்ணே காயப் போட்டேன்? யூனிஃபார்ம் சீசன்ல அப்படி ஒரு மரம் இருக்கிறதே மறந்துடும். எல்லாத்தையும் தெச்சுக் குடுத்துட்டு நிமிந்து பார்ப்பேன், காஞ்சு நிக்கும். அதைப் பார்த்து பயந்து தண்ணி ஊத்துவேன், அது பூத்துடும். என் திறமை அவ்வளவுதான்."

வெள்ளத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தையல்காரர் போனதும் அந்த 'ஒரு மக்' என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை. மறதி வரம்தான். இவருக்குத்தான் அது வாய்க்கவில்லையே.

மறுநாள் சாயங்காலம் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் வைத்து மக்கையும் முக்கினார். இலை இன்னும் கீழே இறங்கியிருந்தது. இரண்டு இலை பழுத்து டிரம் ஓரத்தில் விழுந்து கிடந்தன. தூக்கிய மக்கோடு நின்றார். ஊத்துப்பா, ஏன் நிக்கிற? அப்போது கையில் தண்ணீர் இல்லை. இப்போது இருக்கிறதே, இப்போதும் ஏன் நிற்கிறாய்?

மனைவி இதே மரத்தின் முன்னால் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. பாவம்னு நினைக்கக் கூடாது. மக்கை வாளிக்குள் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு மரத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிப்போய்ப் புதினாவுக்கு ஒரு சொம்பு விட்டார். மீதியைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார்.

அதற்கு அடுத்த நாள் மதியம் வானம் காலை வாரியது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தவர் இடி கேட்டு எழுந்தார். வருடத்தின் முதல் மழை, யாரையும் கேட்காமல் முன்கூட்டியே வந்து நின்றது. தெருவெல்லாம் குதூகலம். பிள்ளைகள் நனைந்து கூச்சல் போட்டார்கள். இவரால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. இத்தனை நாள் பொறுத்தது இந்த ஒரு மழையில் போய்விடுமே!

மாடிக்கு ஓடினார். டிரம்மை நகர்த்தப் பார்த்தார், அசையவில்லை. சட்டையைக் கழற்றி மண்ணை மூடினார், அது உடனே நனைந்து ஒட்டிக்கொண்டது. குடையை விரித்துப் பிடித்தார். காற்று அதை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. கைப்பிடிச் சுவருக்கு ஓடி எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"யோவ்! துணி மூடுற பிளாஸ்டிக் ஷீட்டு! சீக்கிரம் கொண்டா!"

நிலையத்தில் கத்துகிற பழைய குரல் அது. தையல்காரர் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஷீட்டோடு ஓடி வந்தார். தண்டைச் சுற்றி ஷீட்டை மடித்துக் கயிற்றால் கட்டி, டிரம்மின் விளிம்புக்கு வெளியே இழுத்து, காற்று தூக்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலையெல்லாம் நனைந்தது, மண் நனையவில்லை. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

எதிர்வீட்டு பால்கனியிலிருந்து நர்ஸம்மா கூப்பிட்டுக் கேட்டாள். "என்னண்ணே அது?"

தையல்காரர் திரும்பிக் கத்தினார். "வெள்ளம் அண்ணன் மரத்தை மழையில இருந்து காப்பாத்துறாரும்மா!"

தெருவே சிரித்தது. வெள்ளமும் சிரித்தார், ஷீட்டை மட்டும் விடவில்லை. வாழ்நாள் முழுவதும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், தண்ணீர் விழாமல் தடுக்க ஓடியது அன்றுதான்.

மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் விடிந்ததும் மேலே போனார். இலை நிமிரவில்லை. ஓரம் சுருண்டு, கையால் தொட்டால் தோல்போலத் தளர்ந்திருந்தது. வெயில் ஏறட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் போன் போட்டார்.

"நிமிரலம்மா."

அந்தப் பக்கம் பேத்தி சிணுங்குவது மட்டும் கேட்டது.

"கேட்குதா? காலையிலயும் நிமிரல."

"ஊத்துங்க," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "பாதி வாளி. மெல்ல. நாளைக்கு மீதி. அப்புறமா மட்குன உரம் ரெண்டு கை போட்டு மண்ணைக் கிளறி விடுங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மக்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காய்ந்த மண் சொர்ரென்று சத்தம் போட்டுக் குடித்தது. இத்தனை வருடத்தில் தண்ணீர் அப்படிப் போய்ச் சேர்ந்து அவர் பார்த்ததில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. பாதி வாளியோடு நிறுத்திவிட்டார். நிறுத்த முடிந்ததே என்று அவருக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகும் மனைவி தினமும் பேசினாள். வெண்டை விதை முளைத்ததா என்று கேட்டாள். தட்டுகளை எடுத்தீர்களா, கத்திரி இலைக்குக் கீழே பூச்சி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது உறுத்தியது. நம்மால் முடிந்திருக்காது என்று முடிவே கட்டிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டார். அவரும் சொல்லவில்லை. துளிர் வந்தது, சொல்லவில்லை. துளிரின் கக்கத்தில் அரிசி அளவில் வெள்ளையாக மொட்டு வந்தது. அப்போதும் பேத்திக்குச் சளி சரியாயிற்றா என்றுதான் கேட்டார்.

மகள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் மனைவி திரும்பி வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையோடு நேராக மாடிப்படி ஏறினாள். அவர் பின்னாலேயே போனார். பழக்க தோஷம், கை தானாகப் பின்னால் கட்டிக்கொண்டது.

மரம் பூத்திருந்தது. நுனிக் கிளைவரை பூ. தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. சில பூ உதிர்ந்த இடத்தில் மிளகு அளவில் பச்சைப் பிஞ்சு.

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மழை பெய்ஞ்சுதாமே," என்றாள் கடைசியில். "நர்ஸம்மா சொன்னாங்க. குடை பிடிச்சீங்களாமே."

"குடை நிக்கல. ஷீட்டுதான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றாள். "ஒவ்வொரு வருஷமும் தெருவுக்கெல்லாம் காயப் போடச் சொல்லுவேன். நானும் காயப் போடுவேன். ரெண்டு நாள் தாங்குவேன். மூணாவது நாள் அது தொங்குறதைப் பார்த்ததும் ஓடிப் போய் ஒரு மக் ஊத்திடுவேன். ஒவ்வொரு வருஷமும். அப்புறம் எப்படிங்க பூக்கும்?"

வெள்ளம் மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரசவத்துக்குக் கிளம்பினப்ப நர்ஸம்மாகிட்ட விட்டுட்டுப் போகலாம், தையல்காரர்கிட்ட விடலாம்னெல்லாம் யோசிச்சேன். எல்லாரும் ஊத்திடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னா சொன்னபடி நிப்பீங்க. அதான் உங்ககிட்ட விட்டேன். போன்ல கேட்கத்தான் பயம். ஊத்திட்டேன்னு சொல்லிட்டீங்கன்னா?"

இத்தனை நாளும் வேறு ஆள் கிடைக்காமல்தான் தன்னிடம் விட்டுப் போனாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளுக்குப் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் லேசா இருந்துச்சுன்னு நினைச்சியா? வாளிய நிரப்பிக் கொண்டாந்து வெச்சிட்டு, இந்தப் படியில உட்கார்ந்து அழுதேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ தீயிலிருந்து புகையும் கரியுமாக வீடு திரும்பியவரை அவள் பார்த்திருக்கிறாள். அழுது பார்த்ததில்லை.

"அழுதீங்களா?"

"ஆமா."

"தண்ணி பக்கத்துலயே இருந்துச்சு. நானும் ஊர்ல இல்ல. அப்புறம் ஏங்க ஊத்தல?"

"நீ சொன்னியே."

எதிர்வீட்டு பால்கனியில் யாரும் இருக்கிறார்களா என்றுகூட அவள் பார்க்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இந்த வருடம் எத்தனை காய் நிற்கும் என்ற கேள்வி இருவருக்குமே வரவில்லை.